75 விழுக்காட்டு மனிதர்

பல்கலைக்கழக மாணவர் என்பவர், படிப்பதற்கென்று வீட்டிலிருந்து அனுப்பப்பட்டு, படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் கிடைக்கப்பெற்றவர். வயது பெரும்பாலும் 20க்கும் 24க்கும் இடையில். ஆய்வு மாணவராகிவிட்டால் மேல்வரம்பு இல்லை. இளங்கலை படித்த கல்லூரியில் சட்டையை உள்ளே விடச் சொன்னவர்களும், தாடியை எடுக்கச் சொன்னவர்களும், அப்பாவை அழைத்துவரச் சொன்னவர்களும் இங்கே கிடையாது. கல்லூரியில் வகுப்புக்கு வராதவரைத் தேடுவார்கள். பல்கலைக்கழகத் துறையில் பன்னிரண்டு பேர் படிக்கும் வகுப்புக்குப் பதினொருவர் வந்துவிட்டால், இன்றைக்கு என்ன விசேஷம் என்று பேராசிரியரே கேட்பார்.

வாழிடம் பலவகை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் படிப்பவருக்குச் சாலையைக் கடந்தால் மெரினா. மாலை நான்கு மணிக்குமேல் அவரைத் துறையில் தேடுவது வீண். மதுரை காமராசர் பல்கலைக்கழக மாணவருக்கு நாகமலையும் தேனி சாலைப் பேருந்துகளும். திருநெல்வேலிக்கு வெளியே அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படிப்பவர், வெயிலைப் பற்றித் தனி ஆய்வேடு எழுதத் தகுதி பெற்றவர். புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தவர்கள் முதல் மாதம் முழுவதும் மற்றவர்களுக்கு அலையின் படத்தை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். சிதம்பரத்திலோ 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்ததும் அண்ணாமலை நகர் என்று தனி ஊரே உண்டாகிவிட்டது.

இந்த இனத்துக்கு ஒரு வரலாற்று முரண் உண்டு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அது தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பு மட்டுமே. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே பாடம் நடத்தும் துறைகளே இல்லை, வகுப்பெல்லாம் கல்லூரிகளில்தான். இன்றைய மாணவரின் கனவு இதற்கு நேர் எதிரானது. வகுப்பு இருக்கட்டும், தேர்வு மட்டும் வேண்டாம் என்பார்.

வகுப்பு இருக்கட்டும் என்று அவர் சொல்வது வெறும் பேச்சில்லை. வகுப்பு என்று ஒன்று இருந்தால்தான் அதற்குப் போகாமல் இருக்க முடியும். காலை பத்து மணிக்கு இலக்கணமோ புள்ளியியலோ நடந்துகொண்டிருக்கும்போது, விடுதிக் கட்டிலில் போர்வைக்குள் கிடந்து மின்விசிறியின் சத்தத்தைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதே கட்டிலில், அதே போர்வையில், அதே நேரத்தில் படுத்தாலும் அது வருவதில்லை. பேராசிரியர் இன்று விடுப்பு என்று வகுப்புக் குழுவில் செய்தி வந்தால் எல்லோரும் கைதட்டும் படங்களைப் போடுவார்கள். ஆனால் வகுப்புக்குப் போவதில்லை என்று முன்பே முடிவெடுத்தவர் முகம் வாடிவிடும். அவர் துறப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

விடுதியிலிருந்து துறைக்கு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடம்தான் தாமதத்துக்கு மூலகாரணம். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வருபவர் ஒன்பதே முக்காலுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். விடுதிக்காரர் பத்தேகாலுக்கு ஈரத்தலையோடு, பேனா இல்லாமல், வாசலில் நின்று ‘எக்ஸ்க்யூஸ் மி சார்’ என்பார்.

இவருடைய கணித அறிவு முழுவதும் செலவாகும் இடம் வருகைப் பதிவு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள் என்றால் இருபத்திரண்டரை நாள் வராமல் இருக்கலாம். விதி எழுதியவர்கள் இதை உச்சவரம்பாக நினைத்தார்கள். மாணவர் தமக்கு ஒதுக்கப்பட்ட பங்காக நினைக்கிறார். பருவ முடிவில் எண்பது விழுக்காடு வைத்திருப்பவரை, கிடைத்த ரேஷனை வாங்காமல் விட்டவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எழுபத்தைந்துக்குக் கீழே போனவருக்கும் கதவு அடைக்கப்படுவதில்லை. மருத்துவச் சான்றிதழும் அபராதக் கட்டணமும் சேர்த்துக் கொடுத்து ‘கண்டோனேஷன்’ வாங்கலாம். ஏப்ரல் மாதத்தில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருக்கும் கிளினிக்குகளில், ஜனவரியில் வந்த மஞ்சள்காமாலைக்குச் சான்றிதழ் கேட்டு ஆரோக்கியமான இளைஞர்கள் வரிசையில் நிற்பது இதனால்தான். நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு, கலைவிழா என்று ஏதாவது ஒன்றில் பெயரைக் கொடுத்துவைத்தவருக்கு இந்தத் தொல்லையும் இல்லை. அவர் வராத நாள்களெல்லாம் ‘ஓ.டி.’ என்று வருகையாகவே பதிவாகும். ஏழு நாள் முகாமில் கோயில் குளத்தைச் சுத்தம் செய்யப் போய், நான்கு நாள் சமையல் குழுவில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர் உடலும் சற்றுத் தேறியிருப்பார்.

அடுத்த பெரும்பேறு அடையாள அட்டை. பல்கலைக்கழக வாயிலில் காவலாளி அதைக் காட்டச் சொன்னால் கௌரவக் குறைச்சல். வெளியே எங்காவது ‘மாணவர்களுக்குச் சலுகை’ என்ற பலகை கண்ணில் பட்டால் கேட்காமலே சட்டைப்பையிலிருந்து வெளியே வரும். ரயிலில் சொந்த ஊருக்குப் போகும் பொதுப்பிரிவு மாணவருக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் பாதிக் கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான சலுகை நிறுத்தப்பட்டபோதுகூட மாணவர் சலுகை தப்பித்துக்கொண்டது. ஆகவே ஒரே பெட்டியில் தாத்தா முழுக் கட்டணத்திலும் பேரன் அரைக் கட்டணத்திலும் போகலாம். கீழ்ப்படுக்கையைப் பேரன் விட்டுக்கொடுத்தால் கணக்கு ஓரளவு நேராகும். இந்தச் சலுகையை வாங்கும் வழிதான் சற்று நீளம். படிவம் வாங்கி, துறைத்தலைவர் கையொப்பம் பெற்று, அலுவலகத்தில் முத்திரை குத்தி, இணையத்தில் எடுக்க முடியாது என்பதால் நிலையத்துக்கே நேரில் போய் வரிசையில் நின்றால், பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைக்கும். கடைசியில் ஆம்னி பஸ்ஸில் இரண்டு மடங்கு கொடுத்து ஊர் போவார். நமக்குப் பாதிக் கட்டணம் உண்டு என்கிற நினைப்பு தரும் தெம்பு மட்டும் வழிநெடுகக் குறைவதில்லை.

மெஸ்ஸுக்கு வருவோம். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாணவர் வாழ்க்கையின் பொருளாதாரம் முழுவதும் அந்த நீள மேசைகளில் பரிமாறப்படுகிறது. பல அரசுப் பல்கலைக்கழக விடுதிகளில் நடப்பது ‘டிவைடிங் சிஸ்டம்’. மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்டவர்களின் நாள்கணக்கில் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று பலகையில் ஒட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோழியில் ஒருவர் கூடுதலாக ஒரு துண்டு எடுத்தால் அதன் விலையை முந்நூறு பேர் பகிர்ந்துகொள்வார்கள். அவருக்கு விழுவது சில காசுகள். இந்த உண்மையை முதல் ஞாயிறன்றே கண்டுபிடித்தவர் அதன்பிறகு ஒரு துண்டோடு எழுந்ததில்லை. முந்நூறு பேரும் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது மாதக் கடைசியில் பலகையைப் பார்க்கும்போது தெரியும். பொதுவளம் எப்படிச் சீரழிகிறது என்று பொருளியல் துறையில் இரண்டு வகுப்பு எடுத்து விளக்குவதை, அந்தத் துறை மாணவர்கள் மெஸ்ஸில் வாளியோடு கற்றுக்கொள்கிறார்கள்.

மெஸ் சாப்பாட்டைத் திட்டுவது அந்தச் சாப்பாட்டோடு இலவசமாக வரும் தொடுகறி. திட்டுகிறவர்களில் உரத்த குரல்காரரைப் பிடித்து மெஸ் கமிட்டியில் போட்டுவிடுவது வார்டன்களின் பழைய உத்தி. விடியற்காலை மெஸ் அண்ணனோடு சந்தைக்குப் போய் ஒரு தடவை தக்காளி வாங்கி வந்தால் போதும். மூன்றாம் நாள் அதே புரட்சிக்காரர், ரசம் தெளிவாக இருப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று தம்பிமார்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மெஸ்ஸிலிருந்து தப்பிக்க வழிகள் உண்டு. ஒன்று, அக்கம்பக்கத்துக் கல்யாண மண்டபம். விடுதி அறையில் பாடப் புத்தகம் இல்லாமல் இருக்கலாம், தினசரிக் காலண்டர் இல்லாமல் இருக்காது. வளர்பிறை முகூர்த்தம் எது, தேய்பிறை முகூர்த்தம் எது என்பதில் இவருக்குள்ள தேர்ச்சி புரோகிதரைத் திகைக்கவைக்கும். அயர்ன் பண்ணிய சட்டை அறைக்கு ஒன்றுதான் என்பதால் பந்திக்கு முறை வைத்துப் போவார்கள். பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்று யாராவது கேட்டால் உளறாமல் இருக்க, வாசலில் வைத்திருக்கும் பெயர்ப்பலகையை முதலில் படித்துக்கொள்ள வேண்டும் என்பது சீனியர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். பிடிபட்ட சம்பவங்கள் குறைவு. பிடித்தவரும் பெரும்பாலும், ‘ஹாஸ்டல் பையன்களா? உட்காருங்கப்பா, பாயசம் வாங்கிட்டுப் போங்க’ என்றுதான் சொல்லுவார். படிக்கிற பிள்ளைகள் என்றால் இந்த ஊரில் இலை மறுக்கப்படுவதில்லை.

இன்னொரு வழி ஊரிலிருந்து வரும் பை. தீபாவளி முடிந்து திரும்பும் ரூம்மேட்டின் பை, அறைக்குள் வந்த கணத்தில் பொதுச்சொத்தாகிறது. முறுக்கும் அதிரசமும் அன்றிரவைத் தாண்டா. பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் மட்டும், சட்டைகளுக்கு நடுவே சுற்றி ஒளித்து வைக்கப்பட்டால் இரண்டு வாரம் வாழும். மறுநாள் அம்மா தொலைபேசியில், ‘அதிரசம் நல்லா இருந்துச்சாப்பா?’ என்று கேட்பார். ஒன்றுகூடக் கிடைக்காதவர், ‘ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, மாப்ளைங்க எல்லாம் உன்னைக் கேட்டாங்க’ என்பார். பாதி உண்மை.

மாணவியர் விடுதியின் இன்பங்கள் வேறு வகை, ஏனெனில் அங்கே வாயிலில் ஒரு பதிவேடு இருக்கிறது. போகும் இடம், காரணம், திரும்பும் நேரம் எல்லாம் எழுதிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். காரணம் என்ற பத்தியில் ‘ஜெராக்ஸ்’ என்று எழுதுவது மரபு. சினிமாவுக்கும் ஜெராக்ஸ்தான், தி.நகருக்கும் ஜெராக்ஸ்தான்; பதிவேட்டை நம்பினால் நகரத்தில் பாதிக் காகிதம் அந்த விடுதியில்தான் செலவாகிறது. இருட்டுமுன் உள்ளே வந்து கதவு பூட்டப்பட்டபின் அவர்களுடைய நாள் தொடங்கும். தடைசெய்யப்பட்ட மின்கெட்டிலில் தடைசெய்யப்பட்ட நேரத்தில் மேகி வேகும்; பன்னிரண்டு மணிக்கு யாருக்காவது பிறந்தநாள் வந்துவிடும்; சோதனைக்கு வார்டன் வருகிற சத்தம் கேட்டால் கெட்டில் துணிக்கூடைக்குள் போய்ச் சூடாகவே உட்கார்ந்திருக்கும். ஆண்கள் விடுதியிலோ இரவு இரண்டு மணிக்கு டீ குடிக்கப் போகிறவரை, ‘வரும்போது எனக்கும் ஒண்ணு பார்சல் வாங்கிட்டு வா தம்பி’ என்று சொல்லி வாட்ச்மேன் அனுப்பிவைப்பார். இதை ஒரு சாராரின் சலுகை என்பதா, மறு சாராருக்கு இழைக்கும் அநியாயம் என்பதா என்பதில் நிர்வாகங்களுக்கு இன்னும் தெளிவில்லை. மாணவியருக்கு நல்ல தெளிவு இருக்கிறது.

அந்த இரண்டு மணி டீயைப் பற்றிக் கொஞ்சம். வளாகத்து வாசல் டீக்கடை, பல்கலைக்கழகத்தின் துறைகளில் மிகப் பழையது. பிற துறைகளுக்குள்ளே பேசிக்கொள்ளாத விலங்கியல்காரரும் வரலாற்றுக்காரரும் இங்கேதான் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். மார்க்ஸ், மணிரத்னம், மாநிலத் தேர்வாணையத்தின் அடுத்த அறிவிப்பு, யாருடைய கைடு நல்லவர் என்பவை எல்லாம் ஒரு டீயில் அடங்கும். டீக்குப் பணம் அப்போதே கொடுப்பது அவசரக்காரர் பழக்கம். ‘அண்ணே, கணக்குல எழுதிக்கோங்க’ என்றால் அண்ணன் எழுதிக்கொள்வார். பட்டம் வாங்கி, வேலை கிடைத்து, காரில் வந்து இறங்கிப் பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் கதை ஒவ்வொரு டீக்கடையிலும் உண்டு. வராதவர்களின் நோட்டும் உண்டு. அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

பணம் இவரிடம் எப்போதும் இருக்காது. பணத்தைப் பற்றிய தகவல் எல்லாம் இருக்கும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இளங்கலைத் தம்பிக்குக் காசு ஏறும் தேதி, அது கிடைக்காத முதுகலை அண்ணனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். அன்று மாலை அவருக்குத் தம்பியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கும், பரோட்டாக் கடையில். ஐந்து பேர் சேர்ந்து சாப்பிட்ட பில்லை ஒருவர் கைபேசியில் செலுத்திவிட்டு மற்ற நால்வரிடம் வசூலிக்கும் வேலை அடுத்த பருவம் வரை நீளும்.

நூலகத்துக்கும் இவருக்கும் உள்ள உறவு பருவநிலையைப் பொறுத்தது. மார்கழியில் யாரையும் காண முடியாது. சித்திரை பிறந்ததும் நூலகம் நிரம்பும், முதலில் குளிர்சாதனக் கருவிக்கு நேர்கீழே உள்ள மேசைகள். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் காலையிலேயே வந்து இடம்பிடிப்பவர்களில் கணிசமானோர் போட்டித் தேர்வுக்காரர்கள். உண்மையாகவே படிப்பவர்கள் அவர்கள்தான். பக்கத்து நாற்காலியில் குளிருக்காக வந்த நம் மாணவர், சூழ்நிலையின் கட்டாயத்தால் சில பக்கங்களைப் படித்துவிடுவதும் நடந்திருக்கிறது.

தேர்வு நெருங்கும்போது அதிகார மையம் துறைத்தலைவர் அறையிலிருந்து ஜெராக்ஸ் கடைக்கு மாறிவிடும். போன ஐந்தாண்டு வினாத்தாள்கள், தங்கப்பதக்கம் வாங்கிய அக்காவின் குறிப்புகள், எந்தப் பேராசிரியர் எதைத் திரும்பத் திரும்பக் கேட்பார் என்ற ஞானம் எல்லாம் அந்தக் கடைக்காரரிடம் இருக்கின்றன. ‘இந்த யூனிட்டை விட்டுடு தம்பி, மூணு வருஷமா அதுல பெரிய கேள்வி வரல’ என்று அவர் சொன்னால் அது பாடத்திட்டக் குழுவின் முடிவைவிட உறுதியானது. படிப்பு விடுமுறையின் பத்து நாளில் முதல் ஏழு நாள் கால அட்டவணை போடுவதில் போகும். மீதி மூன்று இரவுகளில் ஒரு பருவமே கரையும். தோற்றுவிட்டால் அரியர். அரியர்காரர்களின் வரலாற்றில் பொற்காலம் 2020 ஆகஸ்ட். பெருந்தொற்றுக் காலத்தில் அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்த மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாகக் கருதப்படுவார்கள் என்று தமிழக அரசு அறிவித்தது. முதலமைச்சருக்கு நன்றி தெரிவித்து மாணவர்கள் சுவரொட்டி அடித்தார்கள். கட்டணம் கட்ட மறந்தவர்கள் அடைந்த துயரத்தைச் சுவரொட்டியில் அடிக்க முடியவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய்ச் சுருதி இறங்கியது வேறு கதை.

இந்த இனத்தின் முதிர்ந்த வடிவம் ஆய்வு மாணவர். தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவராக இருந்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அது மாதாமாதம் வராமல், பல மாதம் காணாமல் போய்த் திடீரென்று மொத்தமாக வந்து விழுவதுண்டு. வராத மாதங்களில் அவர் கடன்காரர், வந்த வாரத்தில் முழு விடுதிக்கும் வங்கி. ஜே.ஆர்.எஃப். இல்லாதவர், அதாவது பெரும்பான்மையானவர், எல்லோரும் கேட்கும் ஒரே கேள்விக்கு உதவித்தொகை எதுவும் வாங்காமல் பதில் சொல்கிறார்: ‘எப்ப முடிப்ப?’ ஊரில் சித்தப்பா கேட்பார், பக்கத்து வீட்டார் கேட்பார், வாட்ச்மேன் கேட்பார். கைடு மட்டும் கேட்பதில்லை. அவருக்கு வங்கிக்குப் போய்வரவும் கருத்தரங்குக்கு நாற்காலி எண்ணவும் ஆள் வேண்டும். இதற்கெல்லாம் ஈடாக ஆய்வு மாணவருக்குத் தனி அறை, பழைய ஸ்கூட்டர், மெஸ்ஸில் முதல் கரண்டி, இளையவர்கள் ‘அண்ணா’ என்று எழுந்து நிற்கும் மரியாதை ஆகியவை கிடைக்கின்றன. ஆய்வுப் பயணத்துக்கு ரயில்வேயும் 35 வயது வரை சலுகை தருகிறது. நாட்டிலேயே முப்பத்து நான்கு வயதில் மாணவர் கட்டணத்தில் கூச்சமின்றிப் பயணம் செய்ய உரிமையுள்ளவர் இவர் ஒருவரே.

எல்லாச் சலுகையும் முடியும் நாளுக்கு ‘நோ டியூஸ்’ என்று பெயர். நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் துறை, மெஸ், விடுதி என்று வரிசையாகப் போய், இவரிடம் நமக்கு வரவேண்டியது எதுவுமில்லை என்று ஒவ்வொரு மேசையிலும் கையொப்பம் வாங்க வேண்டும். இரண்டாண்டில் பார்க்காத கட்டடங்களை மாணவர் முதன்முதலாகப் பார்ப்பது அன்றைக்குத்தான். உடற்கல்வித் துறை எங்கே இருக்கிறது என்று முதலாண்டுத் தம்பியிடம் வழி கேட்பார். நூலகத்தில் ஒரு புத்தகம் பாக்கி இருக்கும். தாம் எடுத்ததே இல்லை என்று இவர் சாதிப்பார். ரூம்மேட்டின் மேசையில் ஒரு கால் குட்டையாக இருந்ததற்கு அண்டக் கொடுத்தது அதுதான் என்று பிறகு தெரியவரும்.

பல்கலைக்கழகம் மாணவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் ஒன்று இருக்கிறது. விடுதியில் சேர்ந்த அன்று கட்டிய காப்புத்தொகை. அதைத் திரும்பப் பெற, விண்ணப்பம், விடுதிக் காப்பாளரின் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றோடு பணம் கட்டிய அன்று கொடுத்த அசல் ரசீதையும் இணைக்க வேண்டும். அசல் ரசீது யாரிடமும் இருப்பதில்லை.